தொடக்கப்பள்ளி கணக்கும் தொடுதிரையும்: திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

நான் மூணாவது நாலாவது பசங்களுக்கு கணக்கு எடுக்கறேன், கூடவே டேப், ஸ்மார்ட் போர்டு இதெல்லாம் வச்சு எப்படி கணக்கு சொல்லித்தரலாம்னு மத்த டீச்சர்ஸுக்கும் பயிற்சி கொடுக்கறேன். எங்க போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருது, டீச்சர்ஸும் கேக்கறாங்க, அப்பா அம்மாவும் கேக்கறாங்க. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி ஒரே இடத்துல பதில் போட்டுட்டேன். முதல்ல இருந்து வரிசையா படிச்சீங்கன்னா நல்லது, மேல சொன்னத கீழ திரும்ப எழுதாம "மேல பாருங்க"ன்னு விட்டிருக்கேன்.

இன்டராக்டிவ்னா என்னங்க? நல்ல அனிமேஷன் வீடியோ போட்டு காட்டுறேன், அதுவும் அதுல சேருமா?

சேராதுங்க. வீடியோ எவ்வளவு அழகா இருந்தாலும் பையன் தூங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். இன்டராக்டிவ்னா புள்ள எதையாவது நகர்த்தணும், உடைக்கணும், சேர்க்கணும், அவன் பண்ணதுக்கு ஏத்த மாதிரி ஸ்க்ரீன்ல ஏதாவது மாறணும், அந்த மாற்றத்துல கணக்கு தெரியணும். இந்த கடைசி விஷயம்தான் முக்கியம். பட்டன் அழுத்தினா யானை குதிக்குதுன்னா அதுவும் மாற்றம்தான், ஆனா அதுல கணக்கு இல்ல.

நான் வச்சிருக்கற சோதனை ஒண்ணே ஒண்ணுதான். புள்ள தப்பா பண்ணும்போது ஸ்க்ரீன்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. வெறும் சிவப்பு கலர்ல பெருக்கல் குறி மட்டும் வந்தா அது டெஸ்ட் பேப்பர், அவ்வளவுதான். தராசு ஒரு பக்கம் சாயுது, துண்டு பொருந்தாம வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, தவளை எண்கோட்டுல வேற நம்பர் மேல போய் குதிக்குது, இப்படி தப்பு எங்கன்னு அவனே பார்க்கற மாதிரி ஏதாவது நடந்தா அது சொல்லித்தருது.

குச்சி, மணி, பத்துக்கட்டு எல்லாம் எங்ககிட்ட இருக்கு. அப்புறம் எதுக்கு ஸ்க்ரீன்?

முதல்ல குச்சியும் மணியும்தான், அதுல மாத்துக்கருத்தே கிடையாது. கையில எடுத்து எண்ணாத புள்ளைக்கு ஸ்க்ரீன்ல இருக்கற கட்டம் வெறும் படம். ஜெரோம் ப்ரூனர்னு ஒரு உளவியலாளர் 1960கள்லயே சொன்னது இதுதான்: முதல்ல செஞ்சு பார்க்கறது, அப்புறம் படம், அப்புறம் குறியீடு. இன்னைக்கும் கணக்கு சொல்லித்தர பல பாடத்திட்டங்கள் இந்த மூணு படியில நிக்குது. ஸ்க்ரீன் அந்த நடு படியில நல்லா வேலை செய்யும்.

ஏன்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன். 42ல இருந்து 17 போகணும். நிறைய பசங்க 35ன்னு எழுதுவாங்க, 2ல 7 போகாதுன்னு 7ல இருந்து 2ஐ கழிச்சு 5 போட்டுடுவாங்க. குச்சியில பண்ணும்போது ஒரு பத்துக்கட்டை கொடுத்துட்டு டப்பால இருந்து பத்து தனிக்குச்சி எடுக்கணும், அங்க எண்ணி எடுக்கும்போது ஒருத்தன் ஒன்பது எடுப்பான், ஒருத்தன் பதினொண்ணு எடுப்பான், குச்சி கீழ விழும், எதுக்காக மாத்தினோம்ங்கறதே மறந்து போயிடும். ஸ்க்ரீன்ல பத்துக்கட்டை தொட்டா அதுவே பத்து ஒண்ணா உடையும், மேல 42ங்கற நம்பர் அப்படியே நிக்கும்.

என் வகுப்புல ஒரு பொண்ணு கட்டை உடைச்சுட்டு மேல இருக்கற நம்பர பார்த்தா, கீழ கட்டங்கள எண்ணினா, திரும்ப மேல பார்த்தா. "டீச்சர், உடைஞ்சாலும் 42தானா?"ன்னு கேட்டா. அந்த கேள்விக்காகத்தான் அன்னைக்கு டேப் கொண்டு போனதே. மூணு கட்டும் பன்னெண்டு ஒண்ணும் சேர்ந்தாலும் 42தான்னு அவ வாயில இருந்து வந்த பிறகு, நோட்டுல 4ஐ அடிச்சு 3 போடறதும் 2ஐ 12 ஆக்கறதும் எதுக்குன்னு தனியா விளக்க வேண்டியிருக்கல.

எங்க கிளாஸ்ல ஒரே ஒரு ஸ்மார்ட் போர்டுதான். முப்பத்தஞ்சு பேர வச்சுக்கிட்டு என்ன பண்றது?

போர்டு டீச்சர் கையில இருந்தா அது வீடியோதான், மேல சொன்ன கதைதான். ஒவ்வொரு புள்ளையா கூப்பிட்டு தொட வச்சா மீதி முப்பத்தி நாலு பேரும் வேடிக்கை பார்ப்பாங்க. ரெண்டும் வேண்டாம்.

நான் பண்றது இதுதான்: யாரும் போர்டை தொடறதுக்கு முன்னாடி எல்லாரும் கையில இருக்கற சிலேட்டுலயோ தாள்லயோ "இப்ப என்ன ஆகும்"னு எழுதி தூக்கி காட்டணும். 0ல இருந்து 100 வரைக்கும் ஒரு கோடு, 0, 100 ரெண்டு மட்டும் போட்டிருக்கு, 25 எங்க வரும்? எல்லாரும் தாள்ல கோடு போட்டு குறிச்ச பிறகு ஒருத்தர் வந்து போர்டுல இழுத்து வைக்கட்டும். சின்ன பசங்க நிறைய பேர் 10ஐ கிட்டத்தட்ட நடுவுல கொண்டு போய் வைப்பாங்க, சின்ன நம்பருக்கெல்லாம் நிறைய இடம் கொடுத்துட்டு பெரிய நம்பரையெல்லாம் கடைசியில நெருக்கி வச்சிருப்பாங்க. "நீ ஏன் அங்க வச்ச"ன்னு கேட்டு ரெண்டு மூணு பேர பேச வச்சுட்டு அப்புறம் சரிபார்க்கற பட்டனை அழுத்துங்க. தொடறதுக்கு முன்னாடி சொல்லணும், இந்த ஒரு பழக்கத்தை இந்த பக்கம் முழுக்க திரும்ப திரும்ப சொல்லப்போறேன்.

எந்த வயசுல இருந்து கொடுக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது: 2ல இருந்து 4 வயசு வரைக்கும் உட்கார்ந்து ஸ்க்ரீன் பார்க்கறது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, கம்மியா இருந்தா இன்னும் நல்லது. அது வீட்டுல பார்க்கற கார்ட்டூனையும் சேர்த்துதான். பள்ளி வயசு வந்த பிறகு கணக்குக்குன்னு நான் எடுத்துக்கறது ஒரு தடவைக்கு 15ல இருந்து 20 நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. அதுக்கு மேல போனா யோசிக்கறது நின்னு விரல் மட்டும்தான் வேலை செய்யுது, இது நான் வகுப்புல பார்த்தது. கண்ணுக்கு, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்துல இருக்கறத 20 விநாடி பார்க்க சொல்லுங்க.

சும்மா ஒரு ஆப் பேர் சொல்லுங்க டீச்சர், அதையே போட்டுக்கறோம்.

ஒரே ஆப் எல்லாத்துக்கும் ஆகாது, எதுக்குன்னு சொல்லி பேர் சொல்றேன். பின்னம், பரப்பளவு, எண்கோடு, பத்து பத்தா சேர்க்கறது இதுக்கெல்லாம் ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது ஸ்க்ரீன்லயே நகர்த்தி மாத்தி பார்க்கற செயல்பாடுகள். கொலராடோ பல்கலைக்கழகத்துல 2002ல ஆரம்பிச்சது, இலவசம், முதல்ல இயற்பியலுக்கு வந்தது, இப்ப தொடக்கப்பள்ளி கணக்குக்கும் நிறைய இருக்கு. வடிவம், கோணம், சமச்சீர் இதுக்கு ஜியோஜீப்ரா, 2001ல மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் ஆரம்பிச்சது, அதுவும் இலவசமாவே பயன்படுத்தலாம். ஜியோஜீப்ராவை முழுசா திறந்து பசங்க கையில கொடுத்தா பட்டன் எல்லாம் பார்த்து மிரண்டுடுவாங்க, மத்த டீச்சர்ஸ் செஞ்சு வச்சிருக்கற சின்ன சின்ன செயல்பாடுகள்ல ஒண்ணை எடுத்துக்கோங்க. கோடிங் பழக, 5ல இருந்து 7 வயசுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர், படிக்கத் தெரியாத புள்ளையும் பயன்படுத்தலாம். 8 வயசுக்கு மேல ஸ்க்ராட்ச்.

வேற எந்த ஆப் கிடைச்சாலும் முதல் கேள்வியில சொன்ன சோதனையை போட்டு பாருங்க. அதோட இன்னும் ரெண்டு: விளம்பரம் வருதா, காசு நட்சத்திரம் எல்லாம் கொட்டி கவனத்தை இழுக்குதா. பரிசுப்பெட்டி திறக்கற சத்தம் கணக்கை விட நீளமா இருந்தா அந்த ஆப் வேண்டாம்.

ஆப்ல கடகடன்னு போடுறான், நோட்டுல அதே கணக்க கொடுத்தா முழிக்கிறான். ஏன்?

இது ரொம்ப சகஜம், பையன் மேல தப்பு இல்ல. ஸ்க்ரீன்ல கட்டை உடைஞ்சது அவனுக்கு ஒரு விளையாட்டு, நோட்டுல 4ஐ அடிச்சு 3 போடறது வேற ஒரு விளையாட்டு, ரெண்டும் ஒண்ணுதான்னு யாரும் அவனுக்கு சொல்லல. தானா புரிஞ்சுடும்னு நாம நினைச்சுக்கறோம், பெரும்பாலும் ஆகாது.

பாலம் நாமதான் போடணும். டேப்பும் நோட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். ஒரு நகர்த்தல், ஒரு வரி. கட்டை உடைச்சியா, நிறுத்து, நோட்டுல அது எந்த இடம், எழுது. ஏழு ஒண்ணை எடுத்தியா, நிறுத்து, எழுது. மெதுவாத்தான் போகும், ஒரு பீரியட்ல நாலு கணக்குக்கு மேல வராது, பரவால்ல. ரெண்டாவது வாரம் டேப்பை கவுத்து வச்சுட்டு "இப்ப ஸ்க்ரீன்ல என்ன ஆகியிருக்கும்"னு வாயால சொல்லிக்கிட்டே எழுத சொல்லுங்க. மூணாவது வாரம் டேப்பே வேண்டாம். ஸ்க்ரீன் வேலை முடிஞ்சதும் எடுத்து வைக்கறதுக்கும் ஒரு நாள் குறிச்சு வச்சுக்கோங்க, சாரத்தை கட்டிடத்தோடவே விட்டுட்டு வர மாட்டோம்ல.

வாய்ப்பாட்டுக்கு ஆப் போதுமா? டைமர் வச்சா வேகம் வருமா?

பழகறதுக்கு ஆப் நல்லது, ஏன்னா எந்த பெருக்கல் வரல, எது வருதுன்னு பார்த்து வராததையே திரும்ப கேக்கும், நாம முப்பது பேருக்கு அப்படி தனித்தனியா பண்ண முடியாது. ஆனா புரிய வைக்கறத ஆப்கிட்ட விடாதீங்க. 7 பெருக்கல் 6 தெரியலன்னா 7 வரிசை 6 கட்டம் போட்டு அதை 5 வரிசை, 2 வரிசைன்னு கோடு போட்டு பிரிச்சு 30ம் 12ம் 42ன்னு புள்ளை கண்டுபிடிக்கணும், இந்த கட்டப்படம் ஸ்க்ரீன்ல கோட்டை நகர்த்தி நகர்த்தி பார்க்க ரொம்ப நல்லா இருக்கும்.

டைமர் விஷயத்துல நான் கொஞ்சம் கடுமை. ஏற்கனவே தெரிஞ்ச புள்ளைக்கு டைமர் ஒரு உற்சாகம், தெரியாத புள்ளைக்கு அது பயம், பயந்தா தெரிஞ்சதும் மறக்கும். ஆப்ல டைமரை அணைக்க முடியலன்னா நான் அந்த ஆப்பை எடுக்கறதில்ல. தெளிவா வந்த பிறகு வேணும்னா தன்னோட நேத்தைய நேரத்தோட போட்டி போடட்டும், பக்கத்து பையனோட வேண்டாம்.

பின்னம் மட்டும் எத்தனை தடவ சொன்னாலும் ஏறல. 1/3 பெருசா 1/2 பெருசான்னா 1/3ன்னு சொல்றாங்க.

3 பெரிசு 2 சின்னது, அதனால 1/3 பெரிசு, இப்படித்தான் யோசிக்கறாங்க, இதுவரைக்கும் அவங்க படிச்ச நம்பர் எல்லாம் அப்படித்தான இருந்துச்சு. இங்கதான் ஸ்க்ரீன் நிஜமாவே கை கொடுக்கும், தாள்ல ஒரு வட்டத்தை மூணா வெட்டி இன்னொரு வட்டத்தை ஏழா வெட்டறது நமக்கே கஷ்டம். ஸ்க்ரீன்ல ஒரு பட்டையை வச்சு எத்தனை பங்குங்கற நம்பரை 2, 3, 4, 5ன்னு ஏத்திக்கிட்டே போங்க, ஒவ்வொரு தடவையும் ஏத்தறதுக்கு முன்னாடி நிறுத்தி "துண்டு வளருமா சுருங்குமா"ன்னு கேளுங்க. அஞ்சாறு தடவை ஆனதும் கேள்வியை முடிக்கறதுக்குள்ள கத்துவாங்க.

இதுல நம்ம மொழி நமக்கு ஒரு பெரிய உதவி பண்ணுது, பல பேர் அதை பயன்படுத்தறதே இல்ல. "ஒன் பை த்ரீ"ன்னு சொன்னா ரெண்டு நம்பர்தான் காதுல விழுது. "மூணுல ஒரு பங்கு"ன்னு சொன்னா முதல்ல மூணா பிரி, அப்புறம் ஒண்ணை எடுன்னு செய்ய வேண்டிய வேலையே வரிசையா வந்துடுது. ஸ்க்ரீன்ல பண்றதும் அதே வரிசைதான், முதல்ல பிரிக்கற நம்பர், அப்புறம் கலர் அடிக்கறது. எழுதும்போது மட்டும் ஒண்ணு மேல வருது மூணு கீழ வருது, அதனால கீழ இருக்கறத முதல்ல படின்னு சொல்லிக்கொடுங்க. பட்டையை பாதி பாதியா பிரிச்சுக்கிட்டே போகும்போது அரை, கால், அரைக்கால்னு பேரும் சொல்லுங்க, அரைக்கால்ங்கற பேர்லயே காலுல பாதி, அதாவது 1/8ன்னு பதில் இருக்கு.

வட்டத்தோட நிறுத்திடாதீங்க. வட்டத்துல மட்டும் பார்த்த புள்ளைக்கு 5/4 வந்தா அது நம்பரே இல்லன்னு தோணும். எண்கோட்டுல 1ஐ தாண்டி நகர்த்த விடுங்க.

சமக்குறி பத்தி கூட ஸ்க்ரீன்ல சொல்லித்தரணுமா என்ன? அது எல்லாருக்கும் தெரியுமே.

உங்க வகுப்புல 8 + 4 = □ + 5ன்னு எழுதிப் போட்டு பாருங்க. 12ன்னு நிறைய பேர் எழுதுவாங்க, சில பேர் எல்லாத்தையும் கூட்டி 17ன்னு எழுதுவாங்க. பசங்களுக்கு சமக்குறின்னா "இங்க விடை எழுது"ங்கற பட்டன் மாதிரி. ரெண்டு பக்கமும் ஒரே அளவுங்கற அர்த்தம் அவங்க மனசுல இல்ல, இது இல்லாம ஆறாவது ஏழாவதுல இயற்கணிதம் போனா அங்க விழுவாங்க.

ஸ்க்ரீன் தராசு ஒண்ணு போதும். இடது தட்டுல 8ம் 4ம், வலது தட்டுல 12ம் 5ம் வைக்கட்டும், வலது பக்கம் கீழ போகும். நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். அவனே 12ஐ எடுத்துட்டு 10 வைப்பான், 8 வைப்பான், 7ல தட்டு நேரா நிக்கும். அப்புறம் கேளுங்க, 5 எங்க 4 எங்க, வலது பக்கம் 4க்கு பதிலா 5ன்னு ஒண்ணு கூட இருக்கறதால அதே பக்கம் 8ஐ விட ஒண்ணு கம்மியா வச்சா போதும்ல? இந்த பேச்சு இல்லாம தராசு மட்டும் இருந்தா அடுத்த கேள்வியில வர்ற பிரச்சனைதான்.

புள்ள யோசிக்கவே மாட்டேங்குது, ஒவ்வொண்ணா அழுத்தி அழுத்தி எது பச்சையாகுதோ அத வச்சு போயிடுது.

நாலு விடை கொடுத்து ஒண்ணை தொடுன்னா எந்த புத்திசாலி புள்ளையும் அதைத்தான் பண்ணும். நாலுல ஒண்ணு தேர்ந்தெடுக்கற ஆப்பை கம்மி பண்ணிட்டு விடையை அவனே உருவாக்கற மாதிரி இருக்கறத எடுங்க. இழுத்து வைக்கறதா இருந்தாலும் தொடறதுக்கு முன்னாடி எழுதணும்ங்கற பழக்கம் இங்கதான் காப்பாத்தும், நோட்டுல முதல்ல தன் ஊகம், அப்புறம் ஸ்க்ரீன், அப்புறம் ரெண்டும் வேறயா இருந்தா ஏன்னு ஒரு வரி. ஊகம் தப்பானா மார்க் குறைக்கவே குறைக்காதீங்க, குறைச்சா முதல்ல ஸ்க்ரீன்ல பார்த்துட்டு அப்புறம் ஊகத்தை எழுத ஆரம்பிச்சுடுவாங்க.

கோடிங் எல்லாம் கணக்குல வருமா? கம்ப்யூட்டர் பீரியட்ல பண்ணிக்க வேண்டியதுதானே?

கணக்குக்காகவே வந்ததுதாங்க அது. 1967லயே சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்ஸைக் மூணு பேரும் லோகோன்னு ஒரு மொழி உருவாக்கினாங்க, குழந்தைங்க ஆமைன்னு பேர் வச்ச ஒரு உருவத்துக்கு கட்டளை கொடுத்து, அது நகர்ற வழியில படம் வரையறது. முன்னாடி 100 போ, வலது பக்கம் 90 திரும்பு, இதை நாலு தடவை பண்ணினா சதுரம். இன்னைக்கு ஸ்க்ராட்ச்லயும் அதையே பண்ணலாம்.

சதுரம் வந்த பிறகு சமபக்க முக்கோணம் போட சொல்லுங்க. கோணம் 60ன்னு புத்தகத்துல படிச்சிருப்பாங்க, 60 திரும்புன்னு போட்டு மூணு தடவை ஓட விடுவாங்க, முக்கோணம் மூடவே மூடாது, கிண்ணத்தை கவுத்து வச்ச மாதிரி மூணு கோடு வந்து நிக்கும். அது அறுகோணத்துல பாதி. அங்க நாம வாய திறக்காம இருக்கணும், அதுதான் கஷ்டம். பசங்க எழுந்திரிச்சு தரையில நடந்து பார்க்கட்டும், மூலையில தன் உடம்பு எவ்வளவு திரும்புதுன்னு பார்க்கட்டும். உள்ள இருக்கற கோணம் 60, ஆனா ஆமை திரும்பறது வெளிய, 120. முழுசா ஒரு சுத்து 360, மூணு மூலைக்கு பங்கு போட்டா 120, நாலுக்கு 90, ஆறுக்கு 60. இதை அஞ்சாவது பசங்க தானே கண்டுபிடிச்சு சொன்னத நான் கேட்டிருக்கேன், கரும்பலகையில நான் எழுதிப் போட்ட எந்த வருஷமும் அந்த சந்தோஷம் வந்ததில்ல.

ஆப் பேசறது இங்கிலீஷ்ல, எங்க புள்ளைங்களுக்கு தமிழ்தான் வரும்.

எழுத்து கம்மியா, படமும் நகர்த்தலும் அதிகமா இருக்கறத எடுங்க, சத்தத்தை அணைச்சுட்டு நீங்க தமிழ்ல பேசுங்க. நான் மேல சொன்ன இலவச கருவிகள்லாம் பல மொழிகள்ல கிடைக்கும், மொழி மாத்தற இடத்தை ஒருமுறை திறந்து பாருங்க.

தமிழ்ல ஒரு இடத்துல மட்டும் கூடுதல் கவனம் வேணும். எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு, எண்ணூறுக்கு அப்புறம் தொள்ளாயிரம். 90ங்கற பேர்ல நூறு ஒட்டியிருக்கு, 900ங்கற பேர்ல ஆயிரம் ஒட்டியிருக்கு. "தொண்ணூத்தி மூணு"ன்னு காதால கேட்டு எழுதற புள்ள தடுமாறுனா அது கவனக்குறைவு இல்ல, பேரு அப்படி. இந்த நம்பர்களுக்கு ஸ்க்ரீன்ல ஒன்பது பத்துக்கட்டை இழுத்து வச்சு, எண்ணி, அப்புறம் பேர் சொல்ல வைங்க.

நெட் இல்ல, டேப்பும் ரெண்டு பேருக்கு ஒண்ணுதான் வரும்.

நெட் பிரச்சனைக்கு வழி இருக்கு. ஃபெட், ஜியோஜீப்ரா, ஸ்க்ராட்ச் மூணையும் இறக்கி வச்சு நெட் இல்லாம ஓட்டலாம். கோலிப்ரின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அது நெட் இல்லாத இடத்துக்குன்னே செஞ்சது, ஒரு கம்ப்யூட்டர்ல பாடங்களை இறக்கி வச்சா வகுப்புல இருக்கற மத்த கருவிகள் அதுல இருந்து எடுத்துக்கும்.

ரெண்டு பேருக்கு ஒண்ணுங்கறது குறை இல்ல, ஒரு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாலும் நான் ரெண்டு ரெண்டு பேராத்தான் உட்கார வைப்பேன். ஒருத்தர் சொல்லணும், இன்னொருத்தர் தொடணும், சொல்றவங்க தொடக்கூடாது. சொல்லும்போது "அத அங்க வை"ன்னு சொன்னா ஏத்துக்கக் கூடாது, "ஒரு பத்தை உடை"ன்னு சொல்லணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாத்துங்க.

ஆப் ரிப்போர்ட்ல எல்லாம் பச்சை, 90 சதவீதம்னு காட்டுது. பரீட்சையில 40. எதை நம்பறது?

ரிப்போர்ட் பொய் சொல்லல, வேற கேள்விக்கு பதில் சொல்லுது. சில ஆப் நாலு தடவை முயற்சி பண்ணி கடைசியில சரி வந்தாலும் சரின்னு எண்ணும், உதவி பட்டன் அழுத்தினதை கணக்குல எடுக்காது. முதல் முயற்சியில எத்தனை சரி, ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம், இது ரெண்டும் தெரியற மாதிரி இருக்கான்னு பாருங்க. ரெண்டே விநாடியில விடை வந்தா அது ஊகம்.

அதை விட முக்கியம், தப்பு என்ன மாதிரி தப்புன்னு தெரியணும். 42 கழித்தல் 17க்கு 35ன்னு எழுதினவனுக்கும் 26ன்னு எழுதினவனுக்கும் ஒரே சிவப்பு கலர்தான் வருது, ஆனா முதல் பையனுக்கு பத்தை உடைக்கறது புரியல, ரெண்டாவது பையன் எண்ணும்போது ஒண்ணு விட்டுட்டான், அவ்வளவுதான். 1978லயே ஜான் சீலி ப்ரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கழித்தல்ல பசங்க பண்ற தப்பு பெரும்பாலும் கண்டபடி வர்றது இல்ல, அதுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்குன்னு காட்டினாங்க. அதனால வாரத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட்ல சிவப்பா இருக்கற ரெண்டு மூணு பேரை மட்டும் பக்கத்துல உட்கார வச்சு "எப்படி போட்ட, சொல்லு"ன்னு கேளுங்க. பச்சையா இருக்கறவங்கள்லயும் ஒருத்தர கேளுங்க.

கை சரியா நகர்த்த வராத புள்ளைங்க, கவனம் சிதறுற புள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கு இது ஆகுமா?

சரியா அமைச்சா அவங்களுக்குத்தான் அதிக பலன். இழுக்க கஷ்டப்படற புள்ளைக்கு ஒரு தொடல் பொருளை எடுக்கவும் அடுத்த தொடல் வைக்கவும் இருக்கற ஆப், இல்லன்னா பெரிய ஸ்க்ரீன். கவனம் சிதறுனா பின்னணி இசையை அணைங்க, ஒரே நேரத்துல ஸ்க்ரீன்ல ஒரு கணக்குக்கு மேல வேண்டாம். படிக்க சிரமப்படற புள்ளைக்கு கேள்வியை வாசிச்சு காட்டற வசதி இருக்கான்னு பாருங்க. சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாத பசங்களும் வகுப்புல இருப்பாங்க, ஆம்பளப் பசங்கள்ல இது அதிகம், சரி தப்பு ரெண்டையும் கலர்ல மட்டும் காட்டற ஆப் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லாது.

ஆப் புள்ள பேரு, போட்டோ, பிறந்த தேதி எல்லாம் கேக்குது. கொடுக்கலாமா?

கூட்டல் சொல்லித்தர பிறந்த தேதி எதுக்கு? அக்கவுண்ட் தொடங்காமலே வேலை செய்யற கருவியை முதல்ல தேடுங்க, நான் மேல சொன்னதுல பெரும்பாலானது அப்படித்தான். கட்டாயம் வேணும்னா புனைபேர், போட்டோ இல்ல. அமெரிக்காவுல 1998 சட்டம் 13 வயசுக்கு கீழயும், இந்தியாவுல 2023 சட்டம் 18 வயசுக்கு கீழயும் பெற்றோர் சம்மதம் கேக்க சொல்லுது, அதனால பள்ளி தானா முடிவெடுக்காம வீட்டுல கேட்டுக்கிட்டு செய்யணும்.

போட்டோ புடிச்சா விடை சொல்ற ஆப், ஏஐ எல்லாம் வந்துடுச்சு. இனிமே கணக்கு சொல்லித்தர்றதுல என்ன இருக்கு?

42 கழித்தல் 17 எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க யாருக்கும் அவசரம் இல்ல, பத்தை உடைச்சாலும் அளவு மாறாதுங்கறது புள்ள மனசுல உட்காரணும், அதுக்காகத்தான் அந்த கணக்கு. போட்டோ எடுத்தா விடை வரும், அது உட்காராது. தொடக்கப்பள்ளி வயசுல அந்த ஆப்பை புள்ள கையில கொடுக்க வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

டீச்சருக்கு ஏஐ உதவும். "இந்த கணக்குல பசங்க பண்ணக்கூடிய தப்போட மூணு பேர் போட்ட மாதிரி எழுதிக்கொடு"ன்னு கேட்டு வாங்கி, வகுப்புல தப்பை கண்டுபிடிக்க விடலாம், பசங்களுக்கு அது ரொம்ப பிடிக்கும். ஆனா வாங்கினத நீங்க ஒவ்வொரு வரியா போட்டு பார்க்காம கொண்டு போகாதீங்க, ரொம்ப தெளிவான தமிழ்ல தப்பான கணக்கும் எழுதிக் கொடுக்கும்.

உண்மைய சொல்லுங்க, இதனால பலன் இருக்குன்னு யாராவது சோதிச்சு பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்காங்க, ரெண்டு பக்கமும் விடை இருக்கு. குஜராத்ல இருக்கற வடோதராவுல நாலாவது படிக்கற பசங்க வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், ரெண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்னு உட்கார்ந்து அவங்க நிலைக்கு ஏத்த கணக்கு விளையாட்டு விளையாடினாங்க, பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு அதை ஆராய்ஞ்சு 2007ல வெளியிட்டாங்க. கணக்கு மதிப்பெண் நல்லாவே ஏறுச்சு. ஆனா திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு பார்த்தப்ப அந்த ஏற்றத்துல பெரும்பகுதி கரைஞ்சு போயிருந்தது. இன்னொரு பக்கம் பெருவுல ஆளுக்கு ஒரு மடிக்கணினி கொடுத்த பள்ளிகளை 2012ல ஆராய்ஞ்சு பார்த்தா, கணக்குலயும் மொழியிலயும் வித்தியாசமே தெரியல.

நான் இதுல எடுத்துக்கறது: பெட்டி கொடுத்தா மட்டும் ஒண்ணும் நடக்காது, என்ன கணக்கு, எந்த புள்ளைக்கு, எவ்வளவு நேரம்னு திட்டம் போட்டா நடக்கும், நடுவுல விட்டா கரையும். கரையாம இருக்க நோட்டுக்கு கொண்டு வரணும், அதை மேலயே சொல்லியிருக்கேன்.

எல்லாம் சரி, நாளைக்கே ஒரு பீரியட் எடுக்கணும். எங்க ஆரம்பிக்க?

கழித்தல்ல ஆரம்பிங்க, 40 நிமிஷம். முதல் 10 நிமிஷம் குச்சிக்கட்டு, 31ல இருந்து 14, ரெண்டு ரெண்டு பேரா. அடுத்த 5 நிமிஷம் டேப்பை தொடாம, "ஒரு பத்துக்கட்டை உடைச்சா மேல இருக்கற நம்பர் மாறுமா மாறாதா"ன்னு எல்லாரும் நோட்டுல எழுதணும், மாறும்னு எழுதினவங்க கைய தூக்கட்டும், ஏன்னு பேசட்டும், நீங்க எது சரின்னு சொல்லாதீங்க. அப்புறம் 15 நிமிஷம் ஸ்க்ரீன், மூணு கணக்கு மட்டும், ஒரு நகர்த்தல் ஒரு வரி. டேப்பை எல்லாம் வாங்கி வச்சுட்டு கடைசி 10 நிமிஷம் 52 கழித்தல் 27ஐ வெறும் நோட்டுல போட்டு, பக்கத்துலயே கட்டை உடைஞ்சதை படமா வரைய சொல்லுங்க.

ஆப்பை முந்தின நாள் ராத்திரியே ஒவ்வொரு டேப்லயும் திறந்து பாருங்க, சார்ஜ் இருக்கான்னும் பாருங்க. பீரியட் முடிஞ்சதும் நோட்டை வாங்கி, விடையை விட்டுட்டு படத்தை மட்டும் பாருங்க, படத்துல நாலு கட்டும் பன்னெண்டு ஒண்ணும் இல்லாத புள்ளைங்க யாரோ, மறுநாள் குச்சியோட அவங்க பக்கத்துல போய் உட்காருங்க.